மதகுக்காரன் பெண்டாட்டி

வெடிக்குழாய் சுற்றப் பழைய தாள்தான் தோது. புதுத் தாள் விறைத்துக்கொண்டு நிற்கும், பசையைக் குடிக்காது. அதனால் ஊர் உலகம் படித்துத் தள்ளிய தாளெல்லாம் கட்டுக்கட்டாக லாரியேறி, தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வந்து சேரும். பரீட்சை எழுதிய தாள், கல்யாணப் பத்திரிகை, யார் வீட்டுப் பரணிலோ கிடந்த பஞ்சாங்கம், எல்லாம் ஒரே கட்டுக்குள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கும். குழாய் ஷெட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதைப் பிரித்து, கிழித்து, கம்பியில் சுற்றிப் பசை தடவி உருட்டுவார்கள். வெடிமருந்து அடைக்கிற அறைகள் தள்ளித் தள்ளி இருக்கும். அங்கே மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடவேண்டும். குழாய் ஷெட்டில் மட்டும் வாயைத் திறந்து பேசலாம், சிரிக்கலாம்.

அந்த வருசம் தீபாவளி சீசன் கழுத்தைப் பிடித்திருந்த சமயத்தில், ஒரு கட்டுக்குள்ளிருந்து தடியாக ஒரு நாவல் வந்து விழுந்தது. அட்டை இல்லை. முதல் அத்தியாயத்தைக் கரையான் தின்றிருந்தது. எழுதினவர் பேரும் தெரியாது, கதையின் பேரும் தெரியாது. தாள் பழுத்துப்போய்த் தொட்டால் உதிர்கிற பதம். ஆனால் நடை அப்படியே ஆளைக் கையைப் பிடித்து இழுத்தது. முருகம்மாள் புரட்டி நாலு வரி வாய்விட்டுப் படித்தாள். ஷெட்டே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது.

போர்மேன் உக்கிரபாண்டி வந்து நின்றார். "என்ன இது, பள்ளிக்கூடமா நடக்குது இங்கன?"

"இல்லண்ணே, படிச்ச பக்கத்தை உடனே சுத்திருவோம். ஒரு தாளு வீணாப் போகாது," என்றாள் முருகம்மாள்.

"வேலை கொறஞ்சுச்சுன்னா கதையை நான் முடிச்சு வச்சிருவேன், பாத்துக்கோங்க."

அப்படித்தான் அந்த வழக்கம் ஏற்பட்டது. முருகம்மாள் ஒரு பக்கம் படிப்பாள். படித்த கையோடு கிழித்துப் பக்கத்தில் இருப்பவளிடம் நீட்டுவாள். அது கம்பியில் ஏறிக் குழாயாகிவிடும். அவள் வாசிக்கிற நேரத்துக்கு ஈடாக ஆளுக்குக் கொஞ்சம் குழாயை அவள் தட்டில் போட்டுவிடுவார்கள். இன்னொரு தரம் படி என்று யாரும் கேட்கமுடியாது. காதில் விழுந்தது விழுந்ததுதான்.

கை நீட்டித் தாளை வாங்குகிறவள் மாரிசெல்வி. முப்பது வயசு ஆகவில்லை. முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்லமுடியாது. விடியுமுன்னே குழாயடியில் குடத்தோடு நின்று, சோறு வடித்து, மகள் ரோஜாவுக்குச் சடை பின்னி, கம்பெனி வேனைப் பிடித்து வந்து உட்கார்ந்தால், பொழுது சாயும்வரை இடுப்பு நிமிராது. போன பங்குனியில் அவள் புருசன் மாரிக்கண்ணன் இதே கம்பெனியில் மருந்துக் கலவை அறையில் வெந்துபோனான். உயிர் பிழைத்தது. முகத்தில் வலது பாதியும், வலது காதும், அந்தப் பக்கத்துத் தோளும் தீயோடு போயின. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவன் நேரே சாத்தூரில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டான். வீட்டுக்கு ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்பவர்களுக்கெல்லாம் செல்வி ஒரே பதில் வைத்திருந்தாள்: "பிள்ளை பயப்படுது."

பிள்ளை பயப்படவில்லை. அது செல்விக்கு மட்டும் தெரியும்.

கதைக்கு வருவோம். நாவலில் ஒரு பெரிய ஏரி. அதன் மதகடியில் ஒரு பூதம் குடியிருப்பதாக ஊரே நம்பியது. மழைக்காலம் தோறும் யாராவது ஒருவரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். ஊர் மணியக்காரர் முன்னால் நின்று கடா வெட்டிப் பூதத்துக்குப் படையல் போடுவார். மதகைத் திறந்து அடைக்கிற மதகுக்காரன் ஒருவன். நல்ல உழைப்பாளி. சுண்ணாம்புக் காளவாசல் வெடித்து அவன் முகம் வெந்துபோகிறது. அதற்குப் பிறகு பிள்ளைகள் அவனைக் கல்லால் அடித்தார்கள். போகப் போக, இவன்தான் அந்தப் பூதம், மனுச வேசம் கலைந்துவிட்டது என்றே ஊர் பேசத் தொடங்கியது. அவன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த இடத்தைப் படித்தபோது செல்வி தலையைத் தூக்கவே இல்லை. முருகம்மாள் நீட்டிய தாளை வாங்கி இறுக்கமாகச் சுற்றினாள்.

"ஏத்தா, மெள்ள உருட்டு. குழாய் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் எதிரே இருந்த சோலையம்மாள். அந்த ஷெட்டிலேயே மூத்தவள் அவள்தான். எல்லாருக்கும் சின்னாத்தா.

பிந்தின அத்தியாயத்தில் கதை புரண்டது. மணியக்காரர் தன் வீட்டுக்கு மாடி எடுக்க மதகின் அடிக்கல்லை உருவிக்கொண்டு போயிருக்கிறார். கல் போன பொந்தில் தண்ணீர் சுழி போட்டு ஆளை இழுத்திருக்கிறது. பூதமுமில்லை, ஒன்றுமில்லை.

சோலையம்மாளுக்குப் பெரிய ஏமாற்றம். "அடப் பாவிகளா! நான் அதுக்கு எம்புட்டுப் பயந்து கெடந்தேன். வாசல்ல வேப்பங்கொழை கூடச் சொருகி வச்சேன்."

"பூதம் இருந்துச்சு சின்னாத்தா. மணியக்காரர் வயித்துக்குள்ள இருந்துச்சு," என்றாள் முருகம்மாள்.

"அப்ப நம்ம கம்பெனி முனி?"

கேட்டது சோலையம்மாள்தான். கேட்டபிறகு அவளுக்கே திக்கென்றது. யார் கம்பியும் உருளவில்லை. பங்குனியில் அந்த அறை வெடித்தபோது, வேலியோரத்து உடைமரத்து முனிக்குக் கோபம் என்று சொன்னார்கள். கம்பெனி செலவில் கடா வெட்டினார்கள். எல்லார் இலையிலும் கறி விழுந்தது. முந்தின நாள் மிஞ்சிய மருந்தை அன்றைக்கே எரித்துவிடாமல் வைத்திருந்து, மறுநாள் உச்சி வெயிலில் புது மருந்தோடு சேர்த்துக் கலக்கச் சொன்னது யார் என்று எல்லாருக்கும் தெரியும். லோடு ஏற்றவேண்டிய அவசரம்.

"கறியத் தின்ன வாயால நான் என்னத்தச் சொல்ல?" என்றாள் சோலையம்மாள் தணிந்த குரலில்.

"ஆளாளுக்கு உள்ள ஒண்ணு இருக்கத்தான் செய்யுது," என்றாள் முருகம்மாள். "செலது ஏவிவிடும். செலது எல்லாத்தையும் பாத்துக்கிட்டுப் பேசாம இருக்கும்."

உக்கிரபாண்டி ஷெட்டைக் கடந்து போனார். அத்தனை கம்பியும் ஒரேயடியாக உருளத் தொடங்கியது.

அன்று சாயங்காலம் கதை நின்ற இடம் இது: ஊர்க்காரர்கள் தீவட்டியோடு மதகுக்காரனைப் பிடித்து, கயிற்றால் கட்டி, அவன் பெண்டாட்டி இருக்கிற வீட்டு வாசலுக்கு இழுத்துவருகிறார்கள். மணியக்காரர் கேட்கிறார்: "பெண்ணே, இவன் உன் புருசனா? அல்லது புருசன் வேசத்தில் வந்த பூதமா? நீ ஒரு சொல் சொல்." அதோடு பக்கம் முடிந்தது, வேனும் வந்துவிட்டது. மீதியை முருகம்மாள் தன் பலகைக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"நாளைக்குத்தான் தெரியும் அவ லெச்சணம்," என்று சொல்லிக்கொண்டே சோலையம்மாள் வேனில் ஏறினாள்.

'நீ ஒரு சொல் சொல்' என்றது செல்விக்கு வழியெல்லாம் கூடவே வந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் முகத்துக் கட்டை அவிழ்த்த அன்று நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கட்டு அவிழ்த்தபிறகு மாரிக்கண்ணனை வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். செல்வி தூக்குச்சட்டியோடு எட்டி நின்றிருந்தாள். கிட்டப் போகக் கால் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, "யாரும்மா அது? ஒங்களுக்கு வேண்டியவுகளா?" என்று கேட்டாள்.

"எங்க ஊருக்காரரு," என்றாள் செல்வி.

நாக்கு அதுவாகப் புரண்டு சொல்லியது. அவன் இந்தப் பக்கம் திரும்பினான். ஒரு காதுதான் போயிருந்தது; இன்னொன்று நன்றாகக் கேட்கும். அனுப்புகிற அன்றைக்கு அக்காளிடம், "நான் சாத்தூருக்கே வாரேங்க்கா," என்று மட்டும் சொன்னான். செல்வியும் தடுக்கவில்லை. ரோஜா, "அப்பாவைப் பாக்கப் போவமா?" என்று கேட்கும்போதெல்லாம் வேலை, சீசன், வேன் இல்லை என்று ஏதாவது ஒரு சாக்கு வந்து வாயில் உட்கார்ந்துகொள்ளும்.

மறுநாள் காலையில் வேனை விட்டு இறங்கியதும் மற்றவர்கள் தண்ணீர்த் தொட்டிக்குக் கைகால் கழுவப் போனார்கள். செல்வி நேரே ஷெட்டுக்குள் போனாள். முருகம்மாளின் பலகையைத் தூக்கினாள். எட்டாவதுவரை படித்தவள், எழுத்துக் கூட்டத் தெரியும். முதல் பக்கத்திலேயே கண் அதில் போய்க் குத்திக்கொண்டது. பெண் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தீவட்டி வெளிச்சத்தில் அவன் முகத்தை ஒருமுறை பார்க்கிறாள். 'இவர் யாரென்று எனக்குத் தெரியாது' என்கிறாள்.

அதற்குமேல் செல்வி படிக்கவில்லை. இந்த வரியை முருகம்மாள் நிறுத்தி நிதானமாகப் படிப்பாள். சோலையம்மாள் 'த்தூ' என்பாள். இத்தனை பெண்களும் அந்த மதகுக்காரன் பெண்டாட்டியைத் திட்டுவார்கள். திட்டும்போது கண் மட்டும் தன் பக்கம் வரும். அதை நினைத்ததும் பசைச் சட்டியை இழுத்தாள். மிச்சமிருந்த நாவலைக் கொத்துக் கொத்தாகக் கிழித்து, கம்பியில் ஏற்றி, உருட்டி, தன் தட்டில் தள்ளினாள். அவ்வளவு வேகமாக அவள் கை ஒருநாளும் ஓடியதில்லை. மற்றவர்கள் வந்து உட்கார்ந்தபோது அவள் கடைசித் தாளில் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

முருகம்மாள் பலகையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பாயை உதறிப் பார்த்தாள்.

"புஸ்தகத்தக் காணோம்!"

ஷெட்டே எழுந்து தேடியது. சாக்கைப் புரட்டினார்கள், கட்டுகளைப் பிரித்தார்கள். உக்கிரபாண்டி வாசலில் நின்று சிரித்தார். "என்ன, போலீசுக்குச் சொல்லவா? தாளு வீணாகலேல, அம்புட்டுதான். உக்காந்து வேலையப் பாருங்க."

"அந்த முனி தூக்கிட்டுப் போயிருச்சோ என்னமோ," என்றாள் சோலையம்மாள், அவர் காதில் விழும்படியாகவே. அவர் முகம் சுண்டிப்போய் நகர்ந்தார்.

கொஞ்ச நேரம் எரிச்சலோடு வேலை ஓடியது. முடிவு தெரியாத கதை தொண்டையில் முள்ளாக நின்றது. கடைசியில் ஆளுக்கொரு முடிவாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்தி, ஏரியில் முங்கி எழுந்ததும் அவனுக்குப் பழைய முகம் வந்துவிட்டது என்றாள்.

"ஆமா, அப்படியே பவுடரும் போட்டு அனுப்பியிருப்பாக," என்று சோலையம்மாள் அவளை அடக்கினாள். "நான் சொல்லுதேன் கேளுங்க. அந்தப் பொம்பள வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு வெளிய வருவா. மணியக்காரர அந்த மாடி வீடுவரைக்கும் வெரட்டி வெரட்டி அடிப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். முருகம்மாள் செல்வி பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு செல்வி. அவ என்ன சொல்லியிருப்பா?"

"தெரியாதுன்னு சொல்லிட்டா," என்றாள் செல்வி. "அவரு யாருன்னே தெரியாதுன்னுட்டா."

சிரிப்பு நின்றது. செல்வியின் தட்டில் மற்றவர்களைவிட அதிகமாகக் கிடந்த குழாய்களை முருகம்மாள் பார்த்தாள். ஈரம் காயாத குழாய்கள். மேல்சுற்றில் பழுப்பேறிய தாள். பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். திட்டவில்லை.

"சொல்லியிருப்பா," என்றாள். "பயம் யாரை விட்டுச்சு. அப்புறம்?"

"அப்புறம் தெரியல மதினி."

"அது எப்படி? அதுக்குப் பெறவு எம்புட்டுப் பக்கம் கெடந்துச்சு, தடியா. அந்த ஒரு சொல்லோட கதை முடிஞ்சிருந்தா அம்புட்டு எழுதியிருப்பானா மனுசன்?"

முருகம்மாள் அதோடு தன் கம்பியை எடுத்துக்கொண்டாள். செல்வி தன் தட்டைப் பார்த்தாள். அத்தனை பக்கத்திலும் என்ன எழுதியிருந்ததோ! மதகுக்காரன் பெண்டாட்டி ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தாளோ, இல்லை, கதவைச் சாத்திக்கொண்டாளோ. தன் கையாலேயே சுற்றியாயிற்று. மத்தியானத்துக்குள் மருந்து அடைக்கப் போய்விடும். இனிமேல் அதை யார் வாயாலும் கேட்கமுடியாது.

ஞாயிற்றுக்கிழமை ரோஜாவைக் குளிப்பாட்டி, அவளுக்கு நல்ல பாவாடை கட்டிவிட்டாள்.

"எங்கம்மா போறோம்?"

"சாத்தூருக்கு."

பிள்ளை ஒரு நொடி அம்மா முகத்தையே பார்த்தது. இது நிசமா, போகிற வழியில் மாறிவிடுமா என்று பார்க்கிற பார்வை. பிறகு ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டது.

சாத்தூரில் நாத்தனார் செல்லத்தாய் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செல்வியைப் பார்த்ததும் கத்தி நின்றது. வா என்று சொல்வதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாருக்கா?"

"செல்வியும் பிள்ளையும் வந்திருக்காகடா."

"நம்ம ஊருக்காரங்களா? உள்ள கூப்பிடுக்கா. வெயில்ல வந்திருப்பாக, தண்ணி குடு," என்றான் மாரிக்கண்ணன்.

செல்லத்தாய்க்கு அந்தப் பேச்சின் அர்த்தம் புரியவில்லை. செல்விக்குப் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் பின்கட்டில் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தான். வலது பக்கம் தெரியாதபடி தலையில் துண்டைச் சுற்றியிருந்தான். அவள் தரையைப் பார்த்து நின்றாள்.

ரோஜா நிற்கவில்லை. நேரே போய் அவன் மடியில் ஏறி, துண்டை விலக்கிப் பார்த்தது.

"அப்பா, காது எங்க?"

"காதா? முனி தின்னுருச்சாம். ஊருல சொன்னாகல்ல?"

"பொய்யி."

அவன் சிரித்தான். முகத்தின் ஒரு பாதிதான் சிரித்தது. "பொய்தான். மிச்ச மருந்தை வெயில்ல கலக்கச் சொன்னாக. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. கலக்குனேன். வெந்துருச்சு."

"வலிக்குதா?"

"இப்பம் இல்ல. தோளு மட்டும் கொஞ்சம் வலிக்கும்."

பிள்ளை மேடும் பள்ளமுமான அந்தக் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பசிக்கிறது என்று அத்தையிடம் போய்விட்டது. அவ்வளவுதான் பிள்ளையின் பயம்.

இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"வீட்டுக்கு வாங்க," என்றாள் செல்வி.

"எதுக்கு? நீ வேலைக்குப் போய்ட்டு வாரவ. ஒனக்கு இது வேறயா?"

"வாங்க."

"தரையப் பாத்துக் கூப்பிட்டா தரைதான் வரும்."

அவள் நிமிர்ந்தாள். கட்டு அவிழ்த்த அன்றைக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள். வலது கண்ணிமை முழுசாக மூடாமல் சிவந்து ஈரமாக இருந்தது. வாயோரம் இழுத்துக்கொண்டிருந்தது. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது; இல்லை என்று பொய் சொல்லமுடியாது. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை. இடது கண்ணில் பழைய மாரிக்கண்ணன் இருந்தான். கோபமாக இருந்தான். தன்னை இத்தனை நாள் துரத்தியது இந்த முகம் இல்லை என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. அந்த ஒரு சொல்தான் துரத்தியது. அது அவளுக்குள்ளேயிருந்து வந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது ஒங்க காதுல விழுந்துச்சு," என்றாள்.

"விழுந்துச்சு."

"அதச் சொன்னவளும் நான்தான். இல்லன்னு சொல்லல. எனக்குப் பயமா இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. இருந்தாலும் வாங்க. பயத்தோடயே சோறு பொங்கிப் போடுதேன்."

கோபம் அவ்வளவு சீக்கிரம் இறங்குகிற ஆளில்லை அவன். செல்லத்தாய் அடுப்படியிலிருந்து, "மத்தியானச் சோறு தின்னுட்டுப் போங்க ரெண்டு பேரும். வெறும் வயித்தோட சண்டை போடாதீக," என்றாள்.

"சட்டையை எடுத்துக் குடுக்கா," என்றான் அவன். "வலது கை தூக்க முடியாது. இவளுக்கு மாட்டிவிடத் தெரியுமோ என்னமோ."

செல்வி மாட்டிவிட்டாள். தோளில் விரல் பட்டபோது அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். ஆனால் கையை எடு என்று சொல்லவில்லை.

சாயங்காலம் தாயில்பட்டி பஸ்ஸில் கூட்டம் இருந்தது. செல்வி வழக்கம்போல் முன்னால் பெண்கள் பக்கத்தில் ரோஜாவோடு உட்கார்ந்தாள். மாரிக்கண்ணன் பின்னால் போனான். பஸ் கிளம்பியபிறகு திரும்பிப் பார்த்தாள். ஆட்கள் கம்பியைப் பிடித்து ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றிருந்தார்கள். அவன் பக்கத்து இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தான்.

அவள் எழுந்து, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, நின்றவர்களை இடித்து விலக்கிப் பின்னால் போனாள். "இது ஆம்பளைங்க சீட்டும்மா," என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும்ண்ணே. இவுக என் வீட்டுக்காரரு," என்று உட்கார்ந்தாள். ரோஜாவை மடியில் இழுத்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்திருந்தது. பஸ் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் உடம்பு அலுத்துக் குலுங்கியது. எத்தனை மாசத்து அலுப்போ, கண்ணை இழுத்தது. தன்னை அறியாமல் செல்வியின் தலை சாய்ந்து அவன் மேல் விழுந்தது.

"ஏ புள்ள, அது வெந்த தோளு," என்றான் அவன். "வலிக்குது. எந்திரிச்சு இந்தப் பக்கம் வா."

அவள் பாதித் தூக்கத்தில் எழுந்து, பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் நகர்ந்துகொடுத்த ஜன்னல் பக்கமாக மாறி உட்கார்ந்து, நல்ல தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.